சாரல் குடித்த ஆர்மோனியப் பெட்டி: திறந்து, துடைத்து, சுதி சேர்க்கும் முழு வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் ஆனியில் தொடங்கும் சாரல் ஆவணி வரை விடாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று வீட்டுக்குள் இருக்கும் மரம், தோல், துணி எல்லாவற்றிலும் ஏறும். அந்த மூன்று மாதமும் ஆர்மோனியப் பெட்டி பெரும்பாலும் பரண்மேல்தான் கிடக்கும். கார்த்திகை பிறந்து ஐயப்பன் பஜனைக்கு எடுத்து வைத்தால் தொடாமலே ஒரு கட்டை முனகும், இரண்டு கட்டை அமுக்கினால் எழும்பாது, துருத்தி போட்டுப் போட்டுக் கை ஓயும். உடனே வரும் பேச்சு, "சுதி போச்சு, ரீடை அரத்தால் ராவணும்" என்பது.

அரத்தை எடுக்காதீர்கள். ஈரம் ஏறிய பெட்டியில் கெட்டிருப்பது முதலில் காற்று. அதன்பின் கட்டைக்குப் பின்னால் இருக்கும் மூடி, அதன்பின் ரீடில் படிந்த அழுக்கு. சுதி கடைசியில்தான் வரும். காற்று ஒழுகும் பெட்டியில் சுதி பார்த்தால், ஒழுக்கை அடைத்த மறுநாள் அந்தச் சுதி நிற்காது. ராவிய பித்தளையைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம்.

காற்று போகும் பாதை

மவுத் ஆர்கன், அக்கார்டியன், சுருதிப் பெட்டி, ஆர்மோனியம் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு சட்டத்தில் வெட்டிய துளைக்கு மேல் மெல்லிய உலோக நாக்கு ஒன்று, ஒரு முனை அறையப்பட்டு மறுமுனை சும்மா நிற்கும். காற்று அழுத்தும்போது அது துளைக்குள் போய் வந்து ஆடும், அந்த ஆட்டமே சுரம். இந்த நாக்கும் சட்டமும் சேர்ந்ததுதான் ரீட். 1829இல் வியன்னாவில் அக்கார்டியனுக்கும் 1842இல் பாரிஸில் ஆர்மோனியத்துக்கும் காப்புரிமை எடுத்தார்கள். காலால் மிதிக்கும் அந்த ஐரோப்பியப் பெட்டியைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும் பெட்டியாக மாற்றியது கல்கத்தா.

கைப்பெட்டியில் பின்பக்கத் துருத்தியை இழுத்தால் அதன் பலகைத் துளைகள் வழியாகக் காற்று நுழையும். துளைகளை உள்ளிருந்து மூடும் தோல் நாடா ஒருவழிக் கதவு போல வேலை செய்யும். துருத்தியை அமுக்கினால் காற்று இன்னொரு தோல் கதவைத் தள்ளிக்கொண்டு அடியில் இருக்கும் உள்துருத்திக்குப் போகும். அங்கே ஸ்பிரிங்குகள் அதை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்கும். முன்னால் இருக்கும் ஸ்டாப்பரை இழுத்தால் காற்று ரீட் அறைக்கு ஏறும். கட்டையை அமுக்கினால் பின்னால் மூடி எழும்பும், ரீட் வழியாகக் காற்று வெளியே பாயும். எந்தக் கோளாறு வந்தாலும் இந்தப் பாதையில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் போதும்.

திறப்பதற்கு முன் செய்யும் சோதனை

பெட்டியை நல்ல வெளிச்சத்தில், காற்றோட்டமான அறையில் இரண்டு நாள் சும்மா வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். ஈரம் குடித்த மரம் வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் ரீட் பலகை வெடிக்கும், அந்த வெடிப்பை அடைப்பது பெரும்பாடு. இரண்டு நாள் நிழலில் ஆறினாலே சிக்கிய கட்டைகளில் சில தானாக விடுபடும்.

பிறகு எல்லா ஸ்டாப்பரையும் உள்ளே தள்ளி மூடுங்கள். நாலைந்து முறை துருத்தி போட்டு உள்துருத்தியை நிரப்பி, மனத்துக்குள் இருபது எண்ணுங்கள். இப்போது ஒரு ஸ்டாப்பரை இழுத்து, நடுக்கட்டை ஒன்றை அமுக்குங்கள். ஒலி இன்னும் கணீரென்று வந்தால் துருத்தி நல்ல நிலையில் இருக்கிறது. முனகி அடங்கினால் ஒழுக்கு துருத்திப் பக்கம். அடுத்து ஸ்டாப்பரைத் திறந்து வைத்து, கட்டை எதையும் தொடாமல் அதே சோதனை. மூடியிருந்தபோது நின்ற காற்று, திறந்திருக்கும்போது ஓடிப்போனால் ஒழுக்கு மேலே, அதாவது ரீட் பலகை உட்காரும் தோல் விளிம்பிலோ மூடிகளிலோ இருக்கிறது. இந்த இரண்டு சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அரை நாள் தேடலை அது மிச்சப்படுத்தும்.

துருத்தி போடும் கையும் சேதி சொல்லும். அமுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் துருத்தி தானாக விரிந்து வந்தால், உள்துருத்தியிலிருந்து காற்று திரும்புகிறது, உள் கதவுத் தோல் சுருண்டுவிட்டது. அமுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று மூடினால் வெளிக் கதவுத் தோல் படியவில்லை, அல்லது மடிப்பு கிழிந்திருக்கிறது.

ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைத்தல்

இது காற்றைத் தள்ளும் பெட்டி. ஆகவே ஒழுகும் இடத்தில் காற்று வெளியே வரும். புறங்கையை நனைத்து மடிப்பு ஓரமாக நகர்த்தினால் குளிர்ச்சி தெரியும். நுண்ணிய ஒழுக்குக்கு ஊதுபத்திப் புகையை அருகே காட்டுங்கள், புகை விலகி ஓடும் இடம் ஓட்டை. தோலிலும் துணியிலும் நெருப்பு படாமல் நாலு விரல் தள்ளியே பிடிக்க வேண்டும்.

ஒழுக்கு அதிகம் வருவது மடிப்புகளின் மூலைகளில். துருத்தி திறந்து மூடும்போது மிகுதியாக மடங்குவது அந்த இடம். தவிர, ஈரத்தில் பசை இளகுவதும் அங்கேதான். பழைய தோலைச் சுரண்டி எடுங்கள். புது ஒட்டுக்கு மெல்லிய ஆட்டுத்தோல் வேண்டும், தடிமன் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, ஓரத்தைப் பிளேடால் சீவி மெலிதாக்குங்கள். சீவாத ஓரம் மடிப்பில் மேடாக நின்று அடுத்த மாதமே உரிந்து வரும். ரெக்சின் துண்டு மலிவு, ஆனால் மூலையில் விறைத்துக்கொள்ளும்.

பசைக்கு வஜ்ஜிரமா (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை), வெள்ளைப் பசையா என்று கேட்டால், துருத்தி மூலைக்கு வெள்ளைப் பசை. ஈரமான ஊரில் வஜ்ஜிரம் இளகும், பூச்சியும் அதைத் தின்னும். ரீட் பலகை விளிம்புத் தோலுக்கும் மூடித் தோலுக்கும் வஜ்ஜிரம்தான் நல்லது, ஏனென்றால் அடுத்த முறை வெந்நீர்த் துணி வைத்து மரத்தைக் கெடுக்காமல் பிரித்துவிடலாம். எதுவானாலும் மெலிதாகத் தடவி, துருத்தியைப் பாதி திறந்த நிலையில் ஒரு முழு இரவு காய விடுங்கள். முழுக்க மூடி வைத்துக் காயவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சுருண்ட கதவுத் தோலைத் திருப்பிப் போட்டு ஒட்டுவது ஒருசில மாதமே தாங்கும். புதுத் தோலே போடுங்கள், வழவழப்பான பக்கம் வெளியேயும் சதைப்பக்கமான சொரசொரப்பு பலகையின்மேலும் படியும்படி.

கட்டையும் மூடியும்

மேல் மூடிப்பலகையைக் கழற்றினால் கட்டைகளும் பின்னால் வரிசையாக மூடிகளும் தெரியும். தொடாமலே முனகும் கட்டையை முதலில் பாருங்கள். அதன் மூடியை விரலால் மெல்ல அமுக்குங்கள். ஒலி நின்றால் மூடி சரியாக உட்காரவில்லை என்று பொருள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மூடிக்கும் துளைக்கும் நடுவே தூசி, ஸ்பிரிங் தளர்ச்சி, அல்லது ஈரத்தில் உப்பிய கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசித் திரும்பாமல் நிற்பது.

தூசிக்கு வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை மூடிக்கடியில் நுழைத்து, மூடியை லேசாக அமுக்கிக்கொண்டு தாளை இழுங்கள். இரண்டு மூன்று முறையில் அழுக்கு தாளோடு வந்துவிடும். ஸ்பிரிங்கை மூக்குக் குறடால் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வளையுங்கள். அதிகம் வளைத்தால் அந்தக் கட்டை மட்டும் விரலுக்குக் கனமாகும், வேகமாக வாசிக்கும்போது அதில் விரல் தடுக்கும். உரசும் கட்டைக்கு உப்புத்தாள் போடும் முன் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கும். அந்தத் தடத்தை மட்டும் 240 நம்பர் தாளால் இரண்டு இழுப்பு. சாரல் காலத்தில் தாராளமாகத் தேய்த்த கட்டை பங்குனி வெயிலில் சுருங்கி இடம் வலம் ஆடும். ஆகவே இந்த வேலையை ஆடியில் செய்யக்கூடாது.

மூடியின் அடித்தோல் கல்லாக இறுகி, துளையின் வட்டம் பள்ளமாகப் பதிந்திருந்தால் எல்லா மூடிக்கும் ஒரே சமயத்தில் தோல் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் அவற்றின் உயரம் வேறுபட்டு, கட்டை வரிசை மேடு பள்ளமாகும்.

ரீட் பலகை

37, 39, 42 கட்டைகள் வைத்த பெட்டிகளே அதிகம். இரண்டு வரிசை ரீட் என்றால் பேஸ், மேல் (ஆங்கிலத்தில் male, நடு ஸ்தாயி). மூன்றாவது இருந்தால் இன்னொரு மேல் அல்லது ஃபீமேல். பேஸ் ஒரு ஸ்தாயி கீழே, ஃபீமேல் ஒரு ஸ்தாயி மேலே. பழைய பெட்டிகளில் ஜெர்மன் ரீடும், இந்தியப் பெட்டிகளில் குஜராத்தின் பாலிதானாவில் செய்த பித்தளை ரீடும் இருக்கும்.

பலகையைப் பிடித்திருக்கும் கொக்கி அல்லது திருகுகளைக் கழற்றி, இரு கையாலும் நேர்மேலே தூக்கித் திருப்பி, மெத்தென்ற துணிமேல் வையுங்கள். ரீட்கள் இப்போது மேலே பார்த்திருக்கும். எதையும் தொடும் முன் கைபேசியில் ஒரு படம். பிறகு, கழற்றும் ஒவ்வொரு ரீடின் பக்கத்திலும் பென்சிலால் எண். பக்கத்துப் பக்கத்து ரீட்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டுவிட்டால் சுதியைக் கேட்டுத்தான் பிரிக்க முடியும்.

எழும்பாத ரீடில் பெரும்பாலும் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழையோ மரத்தூளோ இருக்கும். நாக்கின் இரு பக்கமும் இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவை அல்லது பழைய புகைப்படச் சுருளின் துண்டை முனைப்பக்கமிருந்து நாக்குக்கடியில் நுழைத்து, அறைந்த முனை நோக்கி ஒருமுறை நகர்த்தி எடுங்கள். பிறகு முனையை லேசாக நிமிண்டி விடுங்கள். ஊசி வேண்டாம், சட்டத்தின் ஓரத்தில் கீறல் விழும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் பித்தளையில் களிம்பு கட்டும்.

பச்சைக் களிம்பைக் காய்ந்த மென்மையான பிரெஷ்ஷால், அறைந்த முனையிலிருந்து நுனி நோக்கி மட்டும் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் தள்ளினால் பிரெஷ் மயிர் நாக்குக்கடியில் மாட்டி அதைத் தூக்கிவிடும். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. குத்துவிளக்கு துலக்கும் முறை ரீடுக்கு ஆகாது, புளிப்பு உலோகத்தைத் தின்று சுதியை மாற்றும், மிச்சம் சந்துகளில் தங்கி மறுபடி களிம்பேறும். துருநீக்கி எண்ணெயும் அப்படித்தான். அடித்த அன்றைக்கு நன்றாக ஒலிக்கும், ஒரு மாதத்தில் தூசி எண்ணெயில் ஒட்டிச் சேறாகும்.

ரீட் ஒலிக்கிறது ஆனால் 'கிர்ர்' என்று கரகரக்கிறது என்றால் நாக்கு சட்டத்தின் ஒரு பக்கத்தில் உரசுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு பக்கம் கீற்று ஒளி தெரியும், மறுபக்கம் தெரியாது. அறைந்த முனைக்கு அருகே சிறு திருப்புளி நுனியால் மயிரளவு தள்ளினால் நடுவுக்கு வந்துவிடும்.

அடுத்தது நாக்கின் தூக்கு. பலரும் கவனிக்காமல் விடுவது இது. ஓய்வில் இருக்கும் நாக்கின் நுனி சட்டத்துக்கு மேல் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும், ஏறக்குறைய நுனியின் தடிமன் அளவு. அதைவிடத் தாழ்ந்திருந்தால் மெல்லக் காற்று கொடுக்கும்போது ஒலிக்கும், ஓங்கித் துருத்தி போட்டால் அடைத்துக்கொள்ளும். அதிகம் தூக்கியிருந்தால் தாமதமாக எழும்பும், காற்றையும் குடிக்கும். விரல் நகத்தாலோ மூங்கில் குச்சியாலோ மெல்ல நிமிர்த்தலாம், தாழ்த்தலாம். இதைச் சரிசெய்தாலே சுதி கொஞ்சம் நகரும். தூக்கு சரியான பிறகே சுதி பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

நேற்று வரை சரியாக இருந்த ஒரு ரீட் இன்று திடீரென்று அரைச் சுரம் கீழே போனால் நாக்கு அறைந்த முனையருகே விரிசல் விட்டிருக்கிறது. அதை ராவி மேலே ஏற்றுவது வீண்வேலை, ஒரு கச்சேரியில் ஒடிந்து விழும். புது ரீட் போடுங்கள்.

சுதி சேர்த்தல்

பெட்டி ஒழுகாமல், எல்லாக் கட்டையும் எழும்பும் நிலையில், வறண்ட ஒரு நாளில் உட்காருங்கள். நம் பக்கத்துக் கணக்கில் 1 கட்டை என்பது முதல் வெள்ளைக் கட்டை. அதையடுத்த கறுப்பு 1½. வெள்ளைகள் 1 முதல் 7 வரை, கறுப்புகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றரைக்குக் கறுப்பு கிடையாது. நடு ஸ்தாயியில் 6 கட்டை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் 1 கட்டை 261.6, 5 கட்டை 392.0 ஹெர்ட்ஸ். கைபேசியில் சுதி காட்டும் செயலி போதும். அது சென்ட் கணக்கில் காட்டும், அரைச் சுரத்துக்கு 100 சென்ட். மூன்று சென்ட்டுக்குள் இருக்கும் ரீடைத் தொடாதீர்கள்.

காற்று அழுத்தம் கூடினால் சுதி கொஞ்சம் இறங்கும். ஆகவே அளக்கும்போதெல்லாம் ஒரே சீரான நடுத்தரத் துருத்தி. பேஸ், மேல் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டாம், ஒரு ஸ்டாப்பரை மட்டும் திறந்து ஒரு வரிசையை முடியுங்கள். ரீடைக் கையில் பிடித்து அளந்தால் வேறு எண் வரும், பெட்டிக்குள் வைத்தே அளக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு முறையும் பலகையைத் தூக்கி, ராவி, வைத்து, கேட்டு, மறுபடி தூக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

ராவும் விதி எளிது. நுனிப்பக்கம் உலோகத்தை எடுத்தால் எடை குறைந்து சுதி ஏறும். அறைந்த முனைப்பக்கம் எடுத்தால் விறைப்பு குறைந்து சுதி இறங்கும். நாக்குக்கடியில் 0.1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ஒன்றைத் தாங்கலாகக் கொடுத்து, நேர்த்தியான சிறு அரத்தால் நீளவாக்கில் இரண்டு மூன்று இழுப்பு. குறுக்காக இழுத்தால் விழும் கோடுதான் பின்னால் விரிசல் தொடங்கும் இடம். உயர ஸ்தாயி ரீட்கள் சிறியவை, ஓர் இழுப்பிலேயே பத்து சென்ட் தாவக்கூடும், அங்கே அரத்துக்குப் பதில் கண்ணாடியிழைப் பென்சில். ராவிய உலோகம் சூடாகி இருக்கும், ஆறும் வரை ஒரு நிமிடம் பொறுத்து அளக்க வேண்டும். தூளைப் பிரெஷ்ஷால் தள்ளிய பிறகே பலகையை வைக்க வேண்டும்.

மேல் வரிசை முடிந்ததும் பேஸைச் செயலியால் பார்ப்பதைவிடக் காதால் சேர்ப்பது நல்லது. அதே கட்டையில் இரண்டு ஸ்டாப்பரையும் திறந்தால் 'வவ்வவ்வவ்' என்று ஓர் அலை கேட்கும். அலை மெல்ல மெல்ல நீண்டு மறையும் இடம்தான் சேர்ந்த இடம்.

சுருதிப் பெட்டிக்கு வேறு கணக்கு. அதில் ஸ, ப, மேல் ஸ மட்டுமே ஒலிப்பதால் பஞ்சமம் முழுமையாகச் சேர வேண்டும். செயலி காட்டும் 392.0இல் வைத்தால் 261.6க்கு எதிரே நொடிக்கு ஏறக்குறைய ஓர் அலை ஓடும். சரியான பஞ்சமம் ஒன்றரை மடங்கு, 392.4. இரண்டு சென்ட்தான் வித்தியாசம், பாடுகிறவர் காதுக்கு அது தெரியும்.

நாடக மேடைக்குப் போகும் பெட்டியென்றால் பாடகர்கள் எடுக்கும் கட்டைகளைச் சுற்றி இருக்கும் ரீட்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்த செங்கோட்டைப் பக்கம் இது. உச்சஸ்தாயிப் பாட்டைக் கேட்டுப் பழகிய கூட்டம், மேலே போகும்போது பெட்டி பிசிறினால் உடனே கண்டுபிடிக்கும்.

மவுத் ஆர்கன், அக்கார்டியன்

பத்துத் துளை மவுத் ஆர்கனில் இருபது ரீட், ஊதினால் ஒன்று, இழுத்தால் ஒன்று. வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, கால்மணி நேரம் வெளியே வைத்து, பிறகு பெட்டியில் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சீப்பு, அதாவது துளைகளைப் பிரிக்கும் நடுப்பகுதி, மரமாக இருந்தால் உப்பி உதட்டைக் கீறும், பிளாஸ்டிக் சீப்பு உள்ளதே வாங்குங்கள்.

அக்கார்டியன் களியக்காவிளை, நாகர்கோவில் பக்கத் தேவாலயங்களில் இருந்தால் இரண்டு எதிரிகள் உண்டு. அதன் ரீட் எஃகு, கடற்காற்றில் துருப்பிடிக்கும். ரீட் சட்டங்களை ஒட்டியிருப்பது தேன்மெழுகும் பைன் மரப் பிசினும் கலந்த மெழுகு, மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் அது இளகி ரீட்கள் கழன்று விழும். ஒவ்வொரு சட்டத்திலும் இருக்கும் சிறு தோல் நாடா சுருண்டிருந்தால் ரீட் சொடுக்குப் போட்டது போல் ஒலிக்கும். நாடா மாற்றலாம். மெழுகு வேலையைப் பழகியவரிடம் கொடுங்கள்.

வைக்கும் இடம்

பூஜையறையில் பெட்டி வைப்பது வழக்கம், ஆனால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் ரீடில் பிசினாகப் படியும். வேறு அறை பாருங்கள். தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வேண்டாம். கட்டில் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும், சாரல் நாளில் வெளியே 80ஐத் தாண்டும். அதனால் உறையோடு மூடிய மரப்பெட்டிக்குள் 250 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். நிறம் மாறியதும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் பழைய நிறம் வரும் வரை வறுத்து, ஆறிய பிறகு திரும்ப வையுங்கள். அந்துப்பூச்சிக்கும் எலிக்கும் காய்ந்த வேப்பிலையும் கற்பூரமும் உறைக்குள், பெட்டிக்குள் அல்ல.

ஆனி முதல் ஆவணி வரை வாரம் ஒருமுறை உறையைக் கழற்றி, ஸ்டாப்பர்களைத் திறந்து, எல்லாக் கட்டையையும் வரிசையாக அமுக்கிப் பத்து நிமிடம் வாசியுங்கள். தோல் ஒரே மடிப்பில் இறுகாது, எந்தக் கட்டை முனகத் தொடங்குகிறது என்பதும் அன்றைக்கே தெரியும். திறந்து பார்க்கும் பெரிய வேலைக்கு மாசி மாதம். பங்குனி உத்திரமும் சித்திரைக் கொடையும் வரும் முன் பசை காய்ந்து, புதுத் தோல் படிந்து, சுதி ஒருமுறை நகர்ந்து நிற்க ஒரு மாதம் கிடைக்கும்.